பென்சிலுக்கு வரி இல்லை, பேனாவுக்கு உண்டு!

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் பாடி கடைத்தெருவைப் பார்க்க வேண்டும். தாய்மார்கள் ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் சாமான் பட்டியலையும் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார்கள். நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பர், அளவுகோல், பேனா! வாங்கி முடிப்பதற்குள் மாதச் சம்பளத்தில் துண்டு விழுந்துவிடும்.

இந்தப் பட்டியலில் பல சாமான்களுக்கு இப்போது வரி கிடையாது. ஆனால், முக்கியமான ஒன்றுக்கு வரி அப்படியே நிற்கிறது. அதுதான் பேனா!

இதனால் குடும்பத்துக்கு லாபம் எவ்வளவு? நஷ்டம் எவ்வளவு?

என்ன மாறியது?

2025 செப்டம்பர் 3-ந் தேதி டெல்லியில் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 56-வது கூட்டம் நடந்தது. அங்கே எடுத்த முடிவு செப்டம்பர் 22-ந் தேதி அமலுக்கு வந்தது.

நோட்டுப் புத்தகம், பென்சில், பென்சில் சீவும் ஷார்ப்னர், கிரேயான், தேசப்படம் ஆகியவற்றுக்கு அதுவரை 12 சதவீத வரி இருந்தது. ரப்பருக்கு 5 சதவீதம். இந்த வரிகள் அடியோடு நீங்கின. ஜியாமெட்ரி பெட்டிக்கு 12 சதவீதமாக இருந்தது 5 சதவீதமாகக் குறைந்தது.

பேனாவுக்கு 2021 அக்டோபர் முதல் 18 சதவீத வரி. அதில் மாற்றம் இல்லை. நீங்கள் 10 ரூபாய் கொடுத்து வாங்கும் பேனாவில் ஏறக்குறைய ஒன்றரை ரூபாய் வரிக்குப் போகிறது!

முழுப் பலனும் கிடைக்குமா?

வரி இல்லாமல் 100 ரூபாய் விலையுள்ள நோட்டுகள், முன்பு வரியோடு 112 ரூபாய். இப்போது 100 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டும். கணக்கு இதுதான். ஆனால், கடையில் அப்படியே 12 ரூபாய் குறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஏன்?

நோட்டு செய்பவர் அட்டை வாங்குகிறார், பசை வாங்குகிறார், அச்சு மை வாங்குகிறார். இவற்றுக்கெல்லாம் அவர் வரி கட்டுகிறார். முன்பு அந்த வரியை, நோட்டுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார். இப்போது நோட்டுக்கு வரி இல்லை. ஆகவே, கழிக்கவும் வழி இல்லை. அந்தச் செலவு நோட்டின் விலையோடு சேர்ந்துவிடுகிறது. நோட்டுக்கான காகிதத்துக்கும் வரியை நீக்கியதால் சுமை ஓரளவு குறைந்தது. மற்றச் சுமை இருக்கிறது.

பேனா மட்டும் என்ன பாவம் செய்தது?

சின்னப் பிள்ளைகள் பென்சிலால் எழுதுகிறார்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் கையில் பேனா ஏறுகிறது. அதன் பிறகு பரீட்சை எல்லாம் பேனாவில்தான். படிப்புச் செலவு கூடும் அந்த வயதில் வரிச் சலுகை நின்றுவிடுகிறது!

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு நோட்டு, வண்ணப் பென்சில், ஜியாமெட்ரி பெட்டி முதலியவற்றை விலையில்லாமல் கொடுக்கிறது. பேனாவை அவர்களும் கடையில்தான் வாங்க வேண்டும்.

"ஆயிரக்கணக்கில் விலையுள்ள பேனாவும் இருக்கிறதே, அதற்கும் சலுகையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விலையை வைத்துப் பிரிக்கலாமே! மலிவான பேனாவுக்கு ஒரு வரி, ஆடம்பரப் பேனாவுக்கு ஒரு வரி. செருப்புக்கும் துணிக்கும் அப்படித்தானே விலைப்படி வரி போடுகிறார்கள்?

ஆயுத பூஜையன்று பாடி, அம்பத்தூர் பட்டறைகளில் கடைசல் இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். அதே நாளில் வீட்டில் பிள்ளையின் பேனாவுக்கும் வைப்பார்கள். உழைப்பவருக்கு இயந்திரம் எப்படியோ, படிப்பவருக்குப் பேனா அப்படி. இது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த சங்கதி!

பாடி வழியே போகும் பேனா ரோடு

பாடி வழியாகச் செல்லும் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால், ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் திருவள்ளூர். அங்கே எம்.எஸ். பாண்டுரங்கன் தொடங்கிய 'ரங்கா' பேனாத் தொழில், கைத்தொழிலாகவே பெயர் பெற்றது. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுகச் செய்த ரப்பர். அந்தக் கழியைக் கடைந்து, துளையிட்டு, மரை வெட்டி, பளபளப்பு ஏற்றினால் பேனா! வெளிநாட்டில் பேனா சேகரிப்பவர்கள்கூட இதைத் தேடி வாங்குகிறார்கள்.

பாடித் தொழிலாளிக்குக் கடைசல் வேலை புதிதல்ல. அதே வேலையில் பிறந்த பேனா நம் ரோட்டின் கோடியிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

நல்லதை வாங்குங்கள், அடுக்கி வையுங்கள்

எழுதி எறியும் பேனா மாதம் மூன்று, ஒன்று 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 360 ரூபாய். மை ஊற்றி எழுதும் நல்ல பேனா 200 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. பத்திரமாக வைத்தால் பல ஆண்டு உழைக்கும். மாதம் ஒரு முறை பச்சைத் தண்ணீரில் கழுவினால் போதும். பெட்டியில் நிறுத்தி வைக்கும்போது முள் மேலே இருக்கட்டும், மை கசியாது.

நோட்டு வாங்கும்போது அட்டைப் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே ஒரு வரி எழுதித் தாளைத் திருப்பிப் பாருங்கள். மை மறுபக்கம் ஊறினால் அது நல்ல தாள் அல்ல. தாளின் கனத்தைக் கிராம் கணக்கில் அட்டையிலேயே போட்டிருப்பார்கள். எண் கூடினால் தாள் கனம். பென்சிலைக் கீழே போடாதீர்கள். உள்ளே கரி உடைந்துபோனால் சீவச் சீவ முனை விழும்!

ஆண்டு முடிவில் எழுதாத தாள்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்துக் கணக்கு நோட்டு செய்வது நம் வீடுகளில் பழைய வழக்கம். அதை விட்டுவிடாதீர்கள். ஒரு பழைய பிஸ்கட் டப்பா போதும்; பென்சிலுக்கு ஓர் இடம், ரப்பருக்கு ஓர் இடம். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து அடுக்குங்கள். சீவிய பென்சில்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது பிள்ளையின் முகத்தில் வரும் மகிழ்ச்சிக்கு எந்த வரியும் இல்லை!

தன் சாமானைத் தானே அடுக்கும் பிள்ளை, அதைத் தொலைப்பதும் குறைவு. புதிது கேட்டு அழுவதும் குறைவு. இது வீட்டில் ஆகும் மிச்சம். பேனா வரியில் ஆகவேண்டிய மிச்சம் டெல்லியின் கையில் இருக்கிறது. பென்சிலுக்கு இரங்கியவர்கள், பேனாவுக்கும் இரங்கட்டும்!