அளவு மாறியது, மாதமும் மாறியது

ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் தையல் கடை ஒன்றில் நின்றிருந்தேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பெண், "ஆறு மாசத்துல மூணாவது தடவை அளவு மாத்துறேன்க்கா" என்று சிரித்தார். வயிற்றைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். எடை குறைந்ததைவிட அவருக்கு வேறொன்றுதான் ஆச்சரியம். வருடத்துக்கு மூன்று, நான்கு முறை மட்டுமே எட்டிப் பார்த்த மாதவிலக்கு இப்போது மாதந்தோறும் வருகிறதாம்.

இதில் மாயம் ஏதுமில்லை. உடலில் கொழுப்பு மிகும்போது இன்சுலினும் உயர்கிறது. அது சினைப்பையைத் தூண்டி, ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. கருமுட்டை முதிர்ந்து வெளியேறுவது தடைபடுகிறது. பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு நடப்பது இதுதான். சிகிச்சைக்குப் பின் இன்சுலின் இறங்கினால், சில மாதங்களிலேயே பலருக்குச் சுழற்சி சீராகிவிடும். சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை அதிகம். ஆக, இது யாரோ ஒருவர் வீட்டுக் கதை அல்ல.

சிக்கல் இதற்குப் பிறகுதான். "எனக்கு எங்கே பிள்ளை தங்கப் போகுது" என்று வருடக்கணக்கில் நம்பியவர்கள் கருத்தடையைப் பற்றி யோசிப்பதே இல்லை. நின்றுபோன மாதவிலக்கு திரும்புமுன்பே கருமுட்டை வெளியாகிவிடலாம், தெரியுமா? ஆனால், எடை வேகமாகக் குறையும் முதல் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிக்க வேண்டாம் என்பதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. தாய்க்கே சத்து பற்றாத காலம் அது. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உடலில் சேராமலும் போகலாம். வேறு வழிகளை மருத்துவரிடம் கேட்பதே நல்லது.

இரத்தப் போக்கு திரும்பும்போது இரும்புச் சத்தும் போகிறது. உண்பதோ கொஞ்சம். அந்த இரும்பு மாத்திரையையும் தே தாரேக்கோடு விழுங்கினால் பாதி வீண்தான். சிலருக்கு நேர்மாறாக, எடை சட்டெனக் குறையும்போது மாதவிலக்கு தள்ளிப்போகும். "ஆபரேஷன்னா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல், முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாமி, அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலையில கரும்புத் தொட்டில் எடுக்கிறதா நேர்ந்திருக்காங்கக்கா."

"முருகன் காத்திருப்பார். மாமியையும் கூட்டிட்டு டாக்டரைப் பாரும்மா" என்றேன்.

தலையாட்டிவிட்டு, தையல்காரரிடம் ரவிக்கையின் உள்தையலில் இரண்டு அங்குலம் கூடுதலாக விடச் சொன்னார்.