வியாசர்பாடிப் பிள்ளைக்கு எந்த முதல் நகர்வு?

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வீழ்த்தி உலக செஸ் சாம்பியனான குகேஷ், அந்தப் போட்டியில் ஏழு ஆட்டங்களை வெள்ளைக் காய்களுடன் ஆடினார். மூன்றில் இ4, இரண்டில் டி4, இரண்டில் குதிரை எஃப்3. முதல் ஆட்டத்தில் இ4 ஆடித் தோற்றார். மூன்றாவதில் டி4 ஆடி வென்றார். தோற்ற இ4-ஐ ஒதுக்கிவிடாமல் ஐந்தாவது ஆட்டத்தில் மீண்டும் எடுத்தார். பதினொன்றாவதில் குதிரையில் தொடங்கி வென்றார். எது சிறந்த முதல் நகர்வு என்று இந்த ஏழு ஆட்டங்களை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

ஆனந்தின் கணக்கும் இப்படித்தான். இ4 ஆட்டக்காரர் என்றே உலகம் அறிந்திருந்த அவர், 2008-இல் பான் நகரில் கிராம்னிக்கை எதிர்கொண்டபோது டி4-க்கு மாறினார். எதிராளி பல மாதம் உழைத்துச் சேர்த்த தயாரிப்பில் பெரும்பகுதி பயன்படாமலே போனது. 6.5–4.5 என்று வென்ற அந்தப் போட்டியில், கடைசி ஆட்டத்தில்தான் இ4 திரும்பி வந்தது. ஐந்து ஆண்டு கழித்துச் சென்னையில், கார்ல்சனுக்கு எதிராக வென்றே தீர வேண்டிய ஒன்பதாவது ஆட்டத்திலும் அவர் டி4-தான் ஆடினார், அன்று தோற்றார். நகர்வு ஒன்றுதான். எதிரே இருந்தவரும் அன்றைய நிலைமையும்தான் வேறு.

பலகையில் வெள்ளைக்கு 20 முதல் நகர்வுகள் உண்டு: சிப்பாய்க்குப் பதினாறு, குதிரைக்கு நான்கு. அவற்றில் இ4, டி4, சி4, குதிரை எஃப்3 ஆகிய நான்கையும் எந்தச் செஸ் எஞ்சினில் போட்டுப் பார்த்தாலும் மதிப்பீட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. முதலில் ஆடுவதால் வெள்ளைக்குக் கிடைக்கும் சாதகமே சிறியது. வல்லுநர்களின் ஆட்டங்களில் வெள்ளை பெறும் புள்ளிகள் ஏறக்குறைய நூற்றுக்கு 55. ஆகவே பயிற்சியாளர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. என் முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்தப் பிள்ளைக்கு எந்த நகர்வு அதிகம் கற்றுக்கொடுக்கும்?

வியாசர்பாடியை எடுத்துக்கொள்வோம். முல்லை நகர் மைதானத்தில் பந்து உதைத்து வளரும் பிள்ளைகளின் ஊர் இது. சுற்றுவட்டாரம் முழுக்கத் தெருவுக்குத் தெரு கேரம் பலகை இருக்கும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்த வடசென்னைக்காரர்தான். கேரமிலும் பிரேக் அடிப்பவருக்குத்தான் வெள்ளைக் காய். நடுவில் குவிந்திருக்கும் காய்களைத் திறந்துவிடாத பிரேக் வீண் என்பது இங்குள்ள எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பிள்ளையிடம் போய், வெள்ளையில் பலகையைப் பூட்டிவைத்துக்கொண்டு ஆடு என்று சொல்லிக்கொடுக்கிறோம். இதுதான் நம் கவலை.

லண்டன் சிஸ்டத்தைச் சொல்கிறோம். டி4, மந்திரி எஃப்4, இ3, சி3 என்று கறுப்பு என்ன ஆடினாலும் அதே வரிசை. பல வகுப்புகளில் முதல் மாதமே இதைக் கொடுத்துவிடுகிறார்கள். லண்டன் மோசமான ஓப்பனிங் அல்ல, கார்ல்சனே ஆடியிருக்கிறார். ஏன் அதைக் கொடுக்கிறார்கள் என்பதும் நமக்குப் புரியாமல் இல்லை. கூலி வேலைக்குப் போகும் அப்பா நுழைவுக் கட்டணம் கட்டி, பேருந்தில் அழைத்துவந்து, மதியம் வரை அரங்கின் வாசலில் நிற்கிறார். பிள்ளை பத்து நகர்வில் செக்மேட் ஆகி வெளியே வந்தால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? லண்டன் அந்த அவமானத்தைத் தவிர்த்துக் கொடுக்கிறது. ஆனால் விலை பின்னால் தெரியவரும். எதிராளியின் நகர்வைப் பார்க்காமலே எட்டு நகர்வு ஆடப் பழகிய பிள்ளை, ஒன்பதாவது நகர்விலும் பார்ப்பதில்லை. ‘அவன் இப்போ ஏன் அதை ஆடினான்?’ என்று கேட்கும் பழக்கம் முதல் ஆண்டில் வராவிட்டால், அப்புறம் அதைக் கொண்டுவருவது பெரும்பாடு.

அதனால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இ4 என்பதே எங்கள் கருத்து. ராணிக்கும் மந்திரிக்கும் ஒரே நகர்வில் வழி திறக்கிறது. குதிரையும் மந்திரியும் வெளியே வந்தால் நாலாவது நகர்விலேயே காஸ்லிங் செய்துவிடலாம். கறுப்பு இ5 என்று பதில் சொன்னால் எஃப்7 கட்டத்தின் பலவீனம், பின், ஃபோர்க், திறந்த வரிசையில் யானை என எல்லாப் பாடமும் பிள்ளையின் சொந்த ஆட்டத்திலேயே வந்து நிற்கும். பயிற்சிப் புத்தகத்தில் நூறு புதிர் போட்டாலும் தன் ஆட்டத்தில் தவறவிட்ட ஒரு ஃபோர்க் போலப் பதியாது.

இ4 ஆடினால் சிசிலியன், ஃபிரெஞ்ச், காரோ-கான் என்று எத்தனைக்குப் பதில் படிக்க வேண்டியிருக்கிறது என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் நியாயமான மறுப்பு. தனிப் பயிற்சியாளர் இல்லாத, வீட்டில் ஒரே கைப்பேசியை அண்ணன் தம்பியோடு பகிரும் பிள்ளை சிசிலியனின் நஜ்டார்ஃப் தியரியைப் படிக்க முடியாதுதான். படிக்கவும் வேண்டாம். இ5-க்கு இத்தாலியன். சிசிலியனுக்கு இரண்டாவது நகர்வில் சி3. ஃபிரெஞ்சுக்கும் காரோ-கானுக்கும் சிப்பாய்களை வெட்டிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் வழி. ஃபிரெஞ்ச் எக்ஸ்சேஞ்சைச் சோம்பேறி வழி என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: குகேஷ் உலக சாம்பியன் போட்டியின் ஐந்தாவது ஆட்டத்தில் ஆடியது அதைத்தான். இந்த நான்கும் ஒரு நாற்பது பக்க நோட்டில் அடங்கிவிடும். நான்குமே பலகையைத் திறந்து வைப்பவை.

எஞ்சின் இல்லையே என்ற ஏக்கமும் வேண்டாம். குகேஷின் பயிற்சியாளராக இருந்த விஷ்ணு பிரசன்னா, குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை அவரை எஞ்சின் பக்கமே விடாமல் வளர்த்தார். அது வசதி இருந்தும் எடுத்த முடிவு. வசதியில்லாத நம் பிள்ளைகளுக்கு அதே முறை பலகையும் பென்சிலும் இருந்தாலே நடக்கும்.

டி4 எப்போது? இ4-இல் இரண்டு ஆண்டு ஆடி, சிப்பாய் அமைப்புகளைப் பற்றித் தானாகவே கேள்வி கேட்கத் தொடங்கும்போது. அப்போதும் லண்டனில் தொடங்காமல் ராணிப் பக்கத்து சி4-உடன், குவீன்ஸ் காம்பிட்டிலிருந்து தொடங்குங்கள்.

பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு தோல்வியோடு பிள்ளையின் முதல் நகர்வை மாற்றாதீர்கள். இந்த ஆண்டு முழுவதும் அவர்கள் வெள்ளையில் ஆடும் ஆட்டங்களை ஒரே நோட்டில் எழுதவையுங்கள். ஒவ்வொன்றிலும் எந்த நகர்வில் யோசிப்பதை நிறுத்தினார்கள் என்று அவர்களையே சிவப்பு மையில் குறிக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டுகளை எங்களுக்கு அனுப்புங்கள். பிள்ளைகளின் பெயர் இல்லாமல், அவற்றிலிருந்து ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்து விளக்கத்துடன் இந்த இதழில் வெளியிடுவோம்.