ஒரே தாளில் நாலு பேனா!



'ஊர் கூடித் தேர் இழு' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நம் கரிசல் காட்டில் இது வெறும் பழமொழி கிடையாது, பிழைப்பு. மழை பெய்த ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். இன்னைக்கு என் காட்டுக்கு நீ வா, நாளைக்கு உன் காட்டுக்கு நான் வாரேன் என்று ஆள் மாற்றி வேலை பார்த்தவர்கள் நம் தாய் தகப்பன்மார். கையால் தீப்பெட்டி செய்த காலத்தில் குச்சி அடுக்க ஒரு கை, மருந்தில் முக்க ஒரு கை, பெட்டி ஒட்ட ஒரு கை, லேபிள் ஒட்ட இன்னொரு கை. அத்தனை கையும் சேர்ந்துதான் ஒரு பெட்டி!

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நாம், படிப்பு என்று வந்தால் மட்டும் ஏன் ஆளுக்கொரு மூலையில் தனியாகக் கிடந்து தவிக்கிறோம்?

டிப்ளமோ புராஜெக்ட்டையே பாருங்கள். குழுவில் நாலு பேர். ரிப்போர்ட் மட்டும் லேப்டாப் வைத்திருக்கிற ஒருத்தன் வீட்டில் இருக்கும். மற்ற மூணு பேருக்கும் அட்டையில் பேர் மட்டும்தான் சொந்தம். வைவாவில் "இந்தக் கணக்கு எப்படி வந்தது?" என்று கேட்டால் மூணு பேரும் அந்த ஒருத்தன் முகத்தைப் பார்ப்பார்கள். பென் டிரைவில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'கடைசி ஃபைனல்' என்று மூணு ஃபைல் இருக்கும். எது சரி என்று அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்!

இதற்கு வழி நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. போனில் இருக்கிற பிரவுசர்தான் அது. சினிமா பார்க்கவும் ரிசல்ட் பார்க்கவும் மட்டும் அதைத் திறக்கிறோம். அது பிறந்ததே வேறு காரியத்துக்காக. ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ, விஞ்ஞானிகள் தங்கள் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு வழியை 1989-ல் எழுதிக் கொடுத்தார். 1990-ல் அவர் செய்த முதல் பிரவுசரில் பக்கத்தைப் படிக்கவும் செய்யலாம், எழுதவும் செய்யலாம். 1993 ஏப்ரல் 30-ல் செர்ன் அந்த நுட்பத்தை யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்கே கொடுத்துவிட்டது. 1995-ல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய 'விக்கி' பக்கத்தைக் கொண்டுவந்தார். 2005-ல் ரைட்லி என்ற பிரவுசர் எழுதுபலகை வந்தது. அதை 2006-ல் கூகுள் வாங்கியது. இன்றைய கூகுள் டாக்ஸ் அதிலிருந்து வளர்ந்ததுதான். நீ மூன்றாவது வரியில் எழுத, நான் பத்தாவது வரியில் எழுத, நாம் செய்த மாற்றங்கள் மட்டும் சர்வருக்குப் போய், வரிசைப்பட்டு, எல்லார் திரையிலும் ஒன்றாக வந்து நிற்கும். ஒரே தாளில் நாலு பேனா!

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்" என்று சொல்லாதீர்கள். நம் தமிழில் நடந்ததைக் கேளுங்கள். 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே, சம்பளம் இல்லாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி இணையத்தில் ஏற்றினார்கள். 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. அதன் தங்கையான விக்கிமூலத்தில் பழைய புத்தகத்தின் பக்கம் ஒரு புறம் படமாகத் தெரியும், மறுபுறம் அதன் எழுத்து. படத்தைப் பார்த்து ஒருவர் பிழை திருத்தினால் பக்கம் மஞ்சள் நிறமாகும். இன்னொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. முதலில் திருத்தியவரே பச்சை ஆக்க முடியாது. எவ்வளவு நேர்மையான ஏற்பாடு, பாருங்கள்!

இதை நாம் ஏன் நம் நோட்ஸுக்குச் செய்யக் கூடாது? 'ஏ.சி. மெஷின்ஸ்' பாடத்தில் ஒரு யூனிட்டை ஐந்து பேர் பிரித்து எழுதட்டும். எழுதியது மஞ்சள். வேறொருவர் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பச்சை. சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்வி போட்டு வைப்போம், சார் பார்த்துச் சொல்லட்டும்.

இது வசதிக்காக மட்டும் சொல்லும் யோசனை அல்ல தோழர்களே! எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நம்மில் பாதிப் பேர் இப்படித்தான். டவுன் பையனுக்குச் சந்தேகம் வந்தால் அண்ணன் இருப்பான், டியூஷன் இருக்கும். நமக்கு யார்? கல்லூரி விட்டதும் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஊர் போய்ச் சேர முடியும். குரூப் ஸ்டடி என்பது டவுனில் இருப்பவர்களுக்குத்தான் வாய்க்கிறது. மாணவிகள் நிலை இன்னும் கஷ்டம். ஆனால் ராத்திரி எட்டு மணிக்குக் காட்டு வேலை முடிந்து வந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அதே தாளில் அவர்களும் எழுதலாம், கேட்கலாம். பஸ் போய்விட்டதே என்று பாடம் நிற்காது!

"போனில் நெட் பேக் தீர்ந்துவிட்டால்?" என்பீர்கள். அதற்கும் வழி உண்டு. 2011-ல் கூகுள் வெளியிட்ட வெப்ஆர்டிசி என்ற நுட்பம் 2021 ஜனவரியில் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. இதில் ஒரு பிரவுசரிலிருந்து இன்னொரு பிரவுசருக்கு ஃபைல் நேராகவே போகும். நடுவிலுள்ள சர்வர் கல்யாணத் தரகர் மாதிரி, இருவரையும் அறிமுகம் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஒரே வைஃபையில் இருந்தால் பெரிய ஃபைலுக்கும் டேட்டா அதிகம் செலவாகாது. பேர்டிராப் போன்ற தளங்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

"நான் கஷ்டப்பட்டு எழுதுவேன், அவன் சும்மா காப்பி அடிப்பானா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த முறையில் யார், எப்போது, எந்த வரியை எழுதினார் என்பது வரலாறாகப் பதிவாகும். சும்மா இருந்தவன் பேரும் தெரியும், உழைத்தவன் உழைப்பும் தெரியும். புராஜெக்ட்டில் பேர் மட்டும் போடுகிற பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து ஏது? ரெக்கார்டும் டிராயிங்கும் அவரவர் கையால்தான் போட வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

எச்சரிக்கையும் வேண்டும். லிங்க் கிடைத்த எல்லாரும் திருத்தலாம் என்று திறந்து போடாதீர்கள், குழுவுக்கு மட்டும் திருத்தும் உரிமை கொடுங்கள். ஆதார் எண், மாணவிகளின் போன் நம்பர், மார்க் எதையும் அதில் ஏற்றக் கூடாது. பிரவுசிங் சென்டரில் திறந்தால் லாக் அவுட் செய்யாமல் எழுந்திருக்காதீர்கள். மாதம் ஒரு முறை ஒரு பிரதி இறக்கி வையுங்கள். இலவசத் தளம் என்றைக்கும் இருக்கும் என்று நம்ப முடியாது. 2019-ல் நன்றாக ஓடிய ஃபயர்ஃபாக்ஸ் சென்ட் என்ற ஃபைல் பகிரும் சேவை, கெட்டவர்கள் வைரஸ் அனுப்பப் பயன்படுத்தியதால் 2020-ல் மூடப்பட்டது.

நம் மாணவர் மன்றத்திடம் இரண்டு கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, துறைக்கு ஒரு பொது நோட்ஸ். சீனியர் பாஸாகிப் போகும்போது அவருடைய நோட்ஸ் பழைய பேப்பர் கடைக்குப் போகாமல், ஜூனியர் கைக்கு வரட்டும். இரண்டு, தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்காக ஒரு கலைச்சொல் பட்டியல். 'ரிலக்டன்ஸ்' என்றதும் திகைத்து நிற்கிற தம்பிக்கு அவன் பேசும் தமிழில் இரண்டு வரி விளக்கம். பெரிய படிப்புப் படிக்காத இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் மக்கள் பேசும் சொற்களைத் தேடித் தொகுத்து அகராதி போட்டார். பக்கத்து ஊர்க்காரர்களான நாம், இத்தனை பேர் சேர்ந்து, இத்தனை போன் வைத்துக்கொண்டு, ஆளுக்குப் பத்துச் சொல் எழுத முடியாதா?

முடியும் தோழர்களே! காட்டில் ஆள் மாற்றி வேலை செய்தவர்களின் பிள்ளைகள் நாம். வருகிற செமஸ்டரிலேயே முதல் வரியை எழுதுவோம். உன் வரியை நான் திருத்துகிறேன், என் வரியை நீ திருத்து!

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் துறை