கோப்பைக்குள் புயலா?

மலையகச் சம்பளப் போராட்டம் பற்றிய செய்திப் பிரதி ஒன்று முன்னொரு நாள் என் மேசைக்கு வந்தது. தலைப்பு: ‘தேநீர்க் கோப்பைக்குள் புயல்’. தேயிலையும் தேநீரும் பொருந்தி வந்ததில் எழுதிய இளைஞருக்குப் பெருமகிழ்ச்சி. நான் அதை வெட்டினேன். ஏனென்று விளக்க அன்று நேரமிருக்கவில்லை, இன்று சொல்கிறேன்.

அற்ப விடயத்துக்கு எழுந்த பேரமளி என்பதே அந்த ஆங்கிலத் தொடரின் பொருள். சிசரோவின் லத்தீனில் அது அகப்பைக்குள் எழுந்த அலை. அமெரிக்கர் தேநீர்ச் சாடிக்குள் வைத்தனர். பிரித்தானியர் கோப்பைக்குள் வைத்தனர். பாத்திரம் மாறினாலும் பார்வை மாறவில்லை. பேசுபவர் எப்போதும் வெளியே நிற்கிறார். உள்ளே இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய அலை என்று அவர் கேட்பதில்லை.

‘ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது’ என்று தமிழிலும் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அது மிகைப்படுத்துகிறவரின் வாயைக் கடிகிறது. அடிபட்டவரின் வலியை வெளியே நின்று அளந்து, சிறிதென்று தீர்ப்புச் சொல்வதில்லை.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அந்தக் கோப்பையை நிரப்பிய உழைப்பாளரின் சந்ததியில் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தனும், 1977 மே மாதத்தில் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்த சிவனு லெட்சுமணனும் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டு 2018இல் ஹட்டனிலும் காலிமுகத்திடலிலும் மக்கள் திரண்டனர். 2019 ஜனவரிக் கூட்டு ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளமாகத் தந்தது 700 ரூபா. ஆயிரம் வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். மறு ஆண்டே ரூபாவின் வீழ்ச்சி அந்த ஆயிரத்தின் பெறுமதியைத் தின்றுவிட்டது.

இவற்றுள் எது அற்ப விடயம்? கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர் விழுமே என்று அஞ்சி, மழையிலும் மலையேறும் பெண்ணுக்கு 300 ரூபா வேறுபாடு என்பது பிள்ளையின் பால்மா. லயத்துக் கூரைக்கு ஒரு தகரம்.

மரபுத்தொடர்களை இரவல் வாங்குவதில் தவறில்லை. ஆனால் வாங்குமுன், அது யார் நிற்கும் இடத்திலிருந்து பேசுகிறது என்று பாருங்கள். அந்த இளைஞரின் தலைப்பை வெட்டிவிட்டு நான் எழுதியது இரண்டே சொற்கள்: ‘சம்பளப் போராட்டம்’. அதில் அழகு குறைவு என்று அவர் வருந்தினார். உண்மை குறையவில்லை.