சந்தா மட்டும் போதுமா?

வீரமுனையில் வயல் செய்வோர் கன்னக் கூட்டத்தைத் தவறவிட அஞ்சுவர். தண்ணீர் திறக்கும் நாளும் விதைப்பு முடிக்கும் நாளும் அங்கேதான் தீர்மானமாகின்றன. போகாதவர் பின்னர் வரம்பில் நின்று முணுமுணுத்துப் பயனில்லை.

அதே வீட்டுப் பிள்ளை உத்தியோகம் பெற்றுத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தாலோ, “சந்தா கட்டியாயிற்று, இனிச் செயலாளர் பாடு” என்று இருந்துவிடுகிறார்! நாமும் ஒரு காலம் அப்படி இருந்தவர்களே.

இலங்கையின் தொழிற்சங்கச் சட்டம் 1935ஆம் ஆண்டில் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கமொன்றைப் பதிவு செய்யலாம். அதன் கணக்கேட்டைப் பார்வையிட அங்கத்தவர் எவருக்கும் உரிமையுண்டு. நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்?

சட்டம் வந்த பின்னரும் மலைநாட்டுத் துரைமாருக்குச் சங்கம் என்ற சொல்லே வேம்பாய்க் கசந்தது. 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். அவர் கேட்டது கூலியில் சில சதங்கள். நம்மிடம் கேட்கப்படுவதோ ஒரு மாலைப்பொழுது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் பின்வரிசையை விட்டு முன்னே அமருங்கள். பொருளாளர் கணக்கு வாசித்து முடித்ததும், விளங்காத ஒன்றை எழுந்து கேளுங்கள். முதன்முறை கால் சிறிது நடுங்கும். எமக்கும் நடுங்கிற்று.