இரண்டாம் வீடு எப்பொழுது?

பிறர் கூரையின் கீழ் வாழ்வதன் பொருளைப் பண்டமாரான் வட்டாரம் நன்கறியும். 1948 இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 1950 இல் பிரிக்ஸ் திட்டம் நடைமுறைக்கு வந்தபின், முள்வேலிக்குள் குடியேற்றப்பட்ட சீன மக்களின் புதுக்கிராமமாக அது உருவெடுத்தது. அதனையடுத்து, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்றும் 1972 முதல் போர்ட் கிள்ளான் என்றும் வழங்கும் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழர்கள் வாழ்ந்தனர். சுற்றியிருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களும் அவர்களோடு வந்து சேர்ந்தன. லயத்து வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்த நாளில் வீடும் முடிந்தது. ஐம்பத்தைந்து வயதுவரை மரம் சீவிய கைகள், ஓய்வு பெற்ற மறுமாதம் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு வாடகைக்கு இடம் தேடிய காட்சியை மறந்தவர் இன்றும் அங்கே சிலரே.

அத்தகைய மக்களுக்குச் சொந்த வீடு என்பது செங்கல்லும் சிமெண்டும் மட்டுமன்று, அது மானம். அந்த மானத்தின்மீது கொண்ட தீராத ஏக்கத்தைத்தான் இன்று சிலர் விலைபேசுகின்றனர்.

தங்கும் விடுதிகளின் குளிர்சாதன மண்டபங்களில் ஞாயிறுதோறும் இளைஞர்கள் கூட்டப்படுகின்றனர். "கையில் காசில்லாமல் வீடு வாங்கலாம், வாடகைக்கு விடலாம், தவணையை வாடகைக்காரர் கட்டுவார், நாற்பது வயதில் வேலையை உதறலாம்" என்று அங்கே முழங்கப்படுகிறது. "எப்பொழுது வாங்குவது?" என்று எவரேனும் தயங்கிக் கேட்டால், "இன்றே! நாளை விலை ஏறிவிடும்" என்பதே விடை. வயது என்ன, வருமானம் என்ன, வீட்டில் யார் யார் என்ற வினாக்களுக்கு அங்கே இடமில்லை. எல்லா நோய்க்கும் ஒரே மருந்தைக் கொடுப்பவரை மருத்துவர் என்று எவரும் சொல்வதில்லை. எல்லாக் குடும்பத்திற்கும் ஒரே நாளைக் குறித்துக் கொடுப்பவரை மட்டும் வழிகாட்டி என்று போற்றுவது எங்ஙனம்?

முதல் வாடகை வீட்டை எப்பொழுது வாங்குவது என்பதைச் சந்தை விலை முடிவு செய்யக்கூடாது. வாங்குவோனின் வீட்டுக் கணக்கே முடிவு செய்யவேண்டும். கணக்கு இடங்கொடுக்காத நாளில், மலிவாகக் கிடைக்கும் வீடும் விலையுயர்ந்ததே.

இதனை வெறும் வாய்ச்சொல்லாக விடாமல் எண்களால் காட்டலாம். சொந்த வீடு ஒன்று உள்ள ஒருவர், 350,000 வெள்ளி விலையில் ஒரு வரிசை வீட்டை வாடகைக்கு விடும் நோக்கத்தோடு வாங்குகிறார் என்று கொள்க. வங்கி தொண்ணூறு விழுக்காடு கடன் தந்தாலும் 35,000 வெள்ளி கையிலிருந்து எடுத்து வைக்கவேண்டும். உரிமை மாற்றத்திற்கான முத்திரை வரி, முதல் ஒரு லட்சத்திற்கு ஒரு விழுக்காடும் எஞ்சியதற்கு இரண்டு விழுக்காடுமாக 6,000 வெள்ளி. கடன் ஒப்பந்தத்தின் முத்திரை வரி அரை விழுக்காடு. அது 1,575 வெள்ளி. ஆக, வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், வண்ணம் பூசும் செலவு ஆகியவற்றைச் சேர்க்கும் முன்னரே 42,575 வெள்ளி கரைந்துவிடுகிறது. 'காசில்லாமல் வீடு' என்னும் முழக்கத்தின் முதற்பொய் இங்கேயே வெளிப்படுகிறது.

இனி மாதக் கணக்கு. 315,000 வெள்ளிக் கடன், 35 ஆண்டுத் தவணை, 4.25 விழுக்காடு வட்டி எனின், மாதத் தவணை ஏறத்தாழ 1,442 வெள்ளி. வாடகை 1,300 வெள்ளி கிடைப்பதாக வைத்துக்கொண்டால், ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருப்பினும் வரவு 14,300 வெள்ளி. ஆண்டுத் தவணையோ 17,304 வெள்ளி. மதிப்பீட்டு வரி, நில வரி, காப்புறுதி, ஒழுகும் கூரை, அடைத்த குழாய் ஆகியவற்றிற்கு ஆண்டுக்கு 1,500 வெள்ளி என்று சிக்கனமாகவே ஒதுக்கினாலும், உரிமையாளர் தம் சம்பளத்திலிருந்து ஆண்டுதோறும் 4,500 வெள்ளிக்குமேல் போடவேண்டியிருக்கிறது. "அதனால் என்ன? கடன் குறைகிறதே!" என்பர். முதல் மாதத் தவணையான 1,442 வெள்ளியில் ஏறத்தாழ 1,116 வெள்ளி வட்டிக்கே போகிறது. முதலாண்டு முழுவதும் கட்டியும் அசலில் குறைவது ஏறத்தாழ 4,000 வெள்ளிதான். போட்டது 4,500, குறைந்தது 4,000. வாடகைக்காரர் தவணையைக் கட்டுகிறார் என்பது இரண்டாம் பொய். இந்நிலையில் ஆதாயம் வருமாயின் அது விலையேற்றத்தால்தான் வரவேண்டும். விலையேற்றத்தை மட்டுமே நம்பி வாங்குவதற்கு முதலீடு என்று பெயரில்லை. பந்தயம் என்றே பெயர்.

வட்டியின் குணத்தையும் மறத்தலாகாது. 2020 ஜூலையில் பேங்க் நெகாராவின் ஓ.பி.ஆர். வட்டி விகிதம் 1.75 விழுக்காட்டிற்கு இறங்கியது. 2022 மே மாதம் தொடங்கி அது படிப்படியாக உயர்ந்து, 2023 மே மாதத்தில் 3 விழுக்காட்டைத் தொட்டது. கூடியது ஒன்றேகால் விழுக்காடுதானே என்று எண்ணுவோர் மேற்சொன்ன கடனையே எடுத்துக்கொள்ளலாம். 3 விழுக்காடு வட்டியில் அதன் தவணை ஏறத்தாழ 1,212 வெள்ளி, 4.25 விழுக்காட்டில் 1,442 வெள்ளி. மாதத்திற்கு 230 வெள்ளி வேறுபாடு! மலிந்த வட்டிக் காலத்தில், வாடகை தவணையை விஞ்சுகிறதென்று மகிழ்ந்து கையொப்பமிட்டவர், மூன்றாண்டு முடிவதற்குள் தம் சட்டைப்பையிலிருந்து ஈடுகட்ட நேர்ந்தது. 2025 ஜூலையில் விகிதம் 2.75 ஆக இறங்கியது. ஏறுவதும் இறங்குவதும் அதன் இயல்பு. இறங்கிய நாளில் மட்டும் கணக்குப் பார்ப்பவன் அரைக்கணக்கன்.

"விலை என்றும் ஏறும், இரயில் வருகிறது, நெடுஞ்சாலை வருகிறது" என்பது அடுத்த வாதம். கிள்ளானுக்கு வருவதாகச் சொல்லப்பட்ட மூன்றாம் இலகு இரயில் தடத்தையே சான்றாகக் கொள்ளலாம். 2020 ஆகஸ்டில் ஓடும் என்று திட்டமிடப்பட்ட அந்த இரயில், 2025 பிறந்தபோதும் ஓடத் தொடங்கவில்லை. அந்த ஐந்தாண்டில் இரயில் தாமதமாகலாம். வங்கித் தவணை ஒரு நாளும் தாமதமாவதில்லை. வரவிருக்கும் வசதிக்கு இன்றே விலை கொடுப்பவர், அது வராத ஆண்டுகளுக்கான வட்டியையும் சேர்த்தே கொடுக்கிறார். அவசரப்பட்டு விற்க முனைந்தாலும், ஈட்டிய ஆதாயத்தில் முதல் மூன்றாண்டிற்கு 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 என்று சொத்து ஆதாய வரி காத்திருக்கிறது. மலேசியக் குடிமக்களுக்கு ஆறாம் ஆண்டிலிருந்துதான் அவ்வரி இல்லை. ஆதலின் ஐந்தாண்டேனும் தாங்கிப் பிடிக்க இயலாதவர் கைவைக்கத் தகாத தொழில் இது.

இவை யாவும் பணக்கணக்கு. இதனினும் கொடியது ஒன்றுண்டு. முன்பணம் இல்லாத இளைஞனிடம், "பெற்றோரின் வீடு கடன் தீர்ந்துதானே கிடக்கிறது? அதை மீண்டும் அடமானம் வை" என்று போதிக்கப்படுகிறது. அந்த வீடு எப்படி வந்தது? தந்தை துறைமுகத்தில் இரவு வேலை பார்த்தார். தாய் கூட்டுக் கட்டினாள். தாலிச் சங்கிலி அடகுக் கடைக்கும் வீட்டிற்குமாகப் பன்முறை நடந்தது. இருபத்தைந்து ஆண்டுத் தவணை முடிந்து, வங்கியிலிருந்து பத்திரம் வந்த அன்று, அதைச் சாமி படத்தின் முன் வைத்து அழுத தாய்மார்கள் உண்டு. அந்தப் பத்திரத்தை எடுத்துச் சென்று, முன்பின் அறியாத எவரோ வாடகை கொடுப்பார் என்ற நம்பிக்கையில் மீண்டும் வங்கியில் வைப்பதற்கு முதலீட்டு அறிவு என்று பெயராம்! தவணை தவறினால் வங்கி வீட்டை ஏலத்தில் விடும்; ஏலத்தொகை போதாவிடின் எஞ்சிய கடனும் கழுத்தைப் பிடிக்கும். மகன் எடுத்த துணிவுக்கு அறுபது வயதுத் தாய் தெருவில் நிற்பதா? லயத்திலிருந்து வெளியேற்றப்பட்டவளை, பெற்ற மகனே மீண்டும் வெளியேற்றுவதா?

ஒரே நாளில் பல வங்கிகளில் விண்ணப்பித்து, ஒன்றின் கடன் மற்றொன்றுக்குத் தெரியாதவாறு பெறும் தந்திரமும், விலையைக் கூட்டிக் காட்டி மிச்சத்தைக் கையில் வாங்கும் தந்திரமும் சிலரால் கற்பிக்கப்படுகின்றன. பொய்க் கணக்கின் மேல் எழுப்பிய வீட்டுக்கு அடித்தளம் ஏது?

இவ்வளவும் கூறுவதால், வாடகை வீடே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடலாகாது. "கடன் என்றாலே ஆபத்து" என்று ஒதுங்கி, பிள்ளையின் திருமணத்தில் ஒரே இரவில் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் வெள்ளியைப் பந்தலாகவும் விருந்தாகவும் கரைக்கும் பெரியவர்களும் கண்டனத்திற்குரியவர்களே. நகைப்பெட்டியில் தூங்கும் பொன்னும், ஊருக்காக நடக்கும் ஆடம்பரமும் ஒரு சமுதாயத்தை உயர்த்தியதில்லை. தோட்டத் துண்டாடல் தமிழரைத் தெருவில் நிறுத்திய காலத்தில், 1960 இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் தம் சொற்பக் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பணம் தோட்டங்களையே வாங்கியது. அந்த வரலாறு இருசாராருக்கும் பாடம். சொத்து வேண்டும் என்பது ஒதுங்கி நிற்பவருக்கு. முதலில் சேமிப்பு வேண்டும் என்பது பாய்ந்து ஓடுபவருக்கு.

அங்ஙனமாயின், உரிய காலம் எது? முதலாவது, குடியிருக்கும் வீடு உறுதியாக இருக்கவேண்டும். ஐந்நூறாயிரம் வெள்ளி வரையிலான முதல் வீட்டிற்கு அரசு அளித்துவரும் முத்திரை வரிச் சலுகை, இதுவரை வீடே இல்லாதவருக்கு உரியது. அதனை வாடகை வீட்டிற்குச் செலவழித்துவிட்டுப் பின்னர்த் தன் குடும்பத்திற்கு வீடு தேடுபவன், அச்சலுகை தனக்கு இல்லையென்று அறிந்து வருந்துவான். இரண்டாவது, முன்பணம் நீங்கலாக, இரு வீடுகளின் தவணையையும் ஆறு மாதங்களுக்குக் கட்டவல்ல சேமிப்பு தனியே இருக்கவேண்டும். ஆறு மாதம் என்பது கற்பனை எண்ணன்று. 2020 இல் கொள்ளைநோயால் நாடு முடங்கியபோது, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத் தவணைகளை வங்கிகள் ஒத்திவைக்க நேர்ந்தது. மூன்றாவது, வாடகையைக் குறைத்தும் வட்டியைக் கூட்டியும் கணக்கிட்ட பின்னரும் பற்றாக்குறையைச் சம்பளம் தாங்கவேண்டும். நான்காவது, பிள்ளைகளின் கல்விக்கென ஒதுக்கிய பணத்தைத் தொடாமல் இவை அனைத்தும் இயலவேண்டும். இந்நான்கும் கூடிய நாளே நல்ல நாள். அதற்கு வேறு பஞ்சாங்கம் தேவையில்லை.

வாங்கும் முன் மண்ணையும் ஆராயவேண்டும். புதுக்கிராம நிலங்களில் குத்தகை நிலங்கள் பல. குத்தகையில் எஞ்சிய ஆண்டுகள் எத்தனை, உரிமை மாற்றத்திற்கு மாநில அரசின் இசைவு வேண்டுமா என்று கேளாமல் முன்பணம் கொடுப்பது பேதைமை. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை மூழ்கடித்த வெள்ளம் அந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நின்றது என்பதைத் தரகர் சொல்லமாட்டார். பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வாள். அவளிடம் கேட்பதற்குக் கட்டணமும் இல்லை.

முடிவாக ஒன்று. வீட்டுக்குச் சொந்தக்காரனாவது ஓர் அறத்தையும் ஏற்பதாகும். "இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை" என்னும் அறிவிப்பைக் கண்டு உள்ளம் குமுறிய தமிழர்கள் இந்நாட்டில் எண்ணற்றோர். அந்த அவமதிப்பை அறிந்தவன் வீட்டுக்காரனானபின், ஒரே வீட்டில் இருபது வெளிநாட்டுத் தொழிலாளரை அடைத்து வாடகை பறிப்பானாகில், அவன் பழைய லயத்தையே புதிதாகக் கட்டுகிறான். 1990 ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் 2019 இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் எல்லாத் துறைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. சட்டம் சொல்லித்தான் அதனை உணரவேண்டுமா? வாடகை தாமதமானால் பூட்டை மாற்றி மனிதரை வெளியே தள்ளுவதும் முறையன்று. நீதிமன்ற ஆணையின்றி அவ்வாறு செய்யச் சட்டம் இடந்தருவதில்லை.

சேமித்து, கணக்கிட்டு, பெற்றோரின் கூரைக்கு ஊறு நேராமல் காத்து, பின்னர் வாங்கட்டும் இளைஞர்கள். ஐந்தாண்டு பொறுத்தவனுக்கும் கிள்ளானில் வீடு இருக்கும். அவசரத்தில் பெற்றோரின் வீட்டைப் பணயம் வைத்தவனுக்கோ, திரும்பிச் செல்ல லயமும் இல்லை.