மெஷினுக்குக் கூரை, கேபிளுக்கு வெயிலா?

2024 டிசம்பர் 2-ம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் கொட்டிய மழை 50 செ.மீ. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி அருகே. ஆனால், கடலே இல்லாத ஊத்தங்கரையில் வண்டிகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அதே தாலுகாவில்தான் சிங்காரப்பேட்டையும் இருக்கிறது. "நம்ம பக்கம் அவ்வளவு மழையெல்லாம் வராதுங்க" என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஓசூரின் பெரிய ஆலைகள் தவிர, மாங்கூழ் ஆலைகள், கிரானைட் பாலிஷ் பட்டறைகள், எடைமேடைகள் என சிறு தொழில்களும் நிறைந்த மாவட்டம் இது. எடைமேடையிலிருந்து பில் போடும் அறைக்கும், குளிர்பதன அறை சென்சாரிலிருந்து கன்ட்ரோல் பேனலுக்கும் தகவல் போவது கேபிளில்தான். லட்சக்கணக்கில் மெஷின் வாங்குபவர்கள்கூட, கட்டடத்துக்கு உள்ளே போட வேண்டிய சாதாரண லேன் ஒயரை மதில் சுவர் மேல் இழுத்துக் கட்டிவிட்டு, "இப்போதைக்கு ஓடுதுல்ல" என்று விட்டுவிடுவது நடக்கிறது.

எப்படிக் கெடுகிறது?

முதல் எதிரி வெயில். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு, உள்ளறைக்கான பிவிசி உறை வெடிக்கும். வெளிப்புற கேபிளின் உறை கறுப்பாக இருப்பது அழகுக்காக அல்ல. அந்த பாலிஎத்திலினில் கலந்துள்ள கார்பன் கரித்தூள்தான் வெயிலைத் தாங்குகிறது.

அடுத்தது தண்ணீர். அது பெரும்பாலும் கேபிளின் நடுவில் நுழைவதில்லை. இணைப்பிலும் முனையிலும்தான் நுழைகிறது. அதனால் கேபிளைப் பெட்டியின் மேல்பக்கம் நுழைக்காமல், கீழ்ப்பக்கமாக கிளாண்ட் போட்டு நுழைக்க வேண்டும். நுழையும் இடத்துக்கு முன் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டால், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். வெள்ளம் ஏறக்கூடிய இடத்தில் பெட்டியை உயரத்தில் வைப்பதே நல்லது. ஐபி67 முத்திரை என்பது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதற்கான சோதனை மட்டுமே. நாள் கணக்கில் மூழ்கிக் கிடப்பதற்கான உத்தரவாதம் அல்ல.

மூன்றாவது இடி. இரண்டு கட்டடங்களைச் செம்புக் கம்பியால் இணைத்தால், ஒன்றின் அருகே விழும் இடி மற்றதில் உள்ள கருவியையும் எரித்துவிடலாம். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பதால், கட்டடங்களுக்கு இடையே ஒளியிழை கேபிளே நல்லது. அதில் எலிக்கும் அடிக்கும் தாங்க இரும்புக் கவசம் இருந்தால், அந்தக் கவசத்தை எர்த் செய்யாமல் விடக்கூடாது. செம்பு லேன் கேபிளின் எல்லை 100 மீட்டர்தான் என்பதும் ஒளியிழைக்கு இன்னொரு காரணம்.

தோண்டுபவர் யார்?

மண்ணுக்குள் போட்டுவிட்டால் கவலை இல்லையா? இருக்கிறது. ஒருங்கிணைப்பு இல்லாமல் தோண்டுவதால் கேபிள் போன்ற கட்டமைப்புகள் சேதமாகி, நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்கிறது மத்திய அரசு. தோண்டும் முன் கேபிள் உரிமையாளருக்குத் தகவல் சொல்வதற்காகவே 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி வந்தது. ஆனால், ஆலை வளாகத்துக்குள் வரும் ஜேசிபி ஓட்டுநருக்கு எந்தச் செயலி காட்டும்? முதலாளி கையில் ஒரு வரைபடம், மண்ணுக்கு மேலே அடையாளக் கல், கேபிளுக்கு ஓர் அடி மேலே எச்சரிக்கை டேப் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். லாரி ஓடும் இடத்தில் கேபிள் இரும்புக் குழாய்க்குள் போக வேண்டும். குழாயின் இரு முனைகளையும் அடைக்க வேண்டும்.

உண்மையான குறை கேபிளில் இல்லை, கொட்டேஷனில் இருக்கிறது. 'கேபிள் வேலை - மொத்தம்' என்று ஒரே வரியில் எழுதினால், விலை குறைந்தவருக்கே வேலை போகும். கிளாண்டும் குழாயும் எர்த்தும்தான் முதலில் காணாமல் போகும். உறையின் வகை, குழாய், ஆழம், எர்த், பழுதானால் யார் பொறுப்பு என ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதிக் கேட்க வேண்டும். சிறு தொழில்களுக்குக் கடன் தரும் வங்கிகளும் மெஷின் பட்டியலோடு இதையும் கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மாம்பழ சீசன் சில மாதங்கள்தான். அதில் ஒரு நாள் சென்சார் பேசாமல் போனால் நஷ்டம் கேபிளின் விலை அல்ல, அறைக்குள் இருக்கும் சரக்கின் விலை. அடுத்த மழைக்கு முன் மதில் மேல் தொங்கும் அந்த ஒயரை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.